கொசுவலைக் கதவின் அந்தப் பக்கம்

2023 ஜூன் 5, திங்கள்

நரம்பு மருத்துவர் என் கணவருடைய அன்றாடத்தைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வரும்போது ஞாபகத்திலிருந்து சொல்லாமல் ஏட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். முப்பத்து நான்கு வருடம் கன்னியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இடப்பக்கம் ஓரம் விட்டுத் தொடங்கியிருக்கிறேன்.

கஸ்பாருக்கு வயது எண்பத்திரண்டு. அல்சைமர் என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இன்று சட்டைக்கு மேலே பனியனைப் போட்டுக்கொண்டு வந்தார். காலையில் உதவிக்கு வரும் மரகதம், "விடுங்க டீச்சர், ஐயா புதுசா ஒரு பேசன் கொண்டு வாறாவ" என்றாள். நான் கழற்றி முறைப்படி போட்டுவிட்டேன். மறுபடியும் மாற்றிப் போட்டார். மறுபடியும் கழற்றினேன். நான்காவது தடவை அவர் அழுதார். நான்காவது தடவையும் சரியாகத்தான் போட்டுவிட்டேன்.

ஜூன் 7, புதன்

பற்பசையைத் தின்றார். அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 10, சனி

மாலை ஐந்தரை மணி. சமையலறையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பூனைக்கும் கொசுவுக்குமாகச் சமையலறை வாசலில் வலைக்கதவு போட்டிருக்கிறோம். கஸ்பார் அந்தப் பக்கம் வந்து முழங்காலில் நின்றார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டார்.

"சாமி, நான் பாவி. என்னை ஆசீர்வதியும். பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு மாசம் ஆச்சு" என்றார்.

கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் குருவானவர் இப்படித்தான் வலைக்குப் பின்னால் அரையிருட்டில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை ஐந்தரைக்குத்தான் கஸ்பார் வாழ்நாள் முழுதும் போனது. "நான் பிரிஜித், எழுந்திருங்க" என்றேன். அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

சின்னச் சின்னதாக மூன்று சொன்னார். சிரிப்பு வந்தது. நான்காவதாக ஒன்று சொன்னார்.

மீனை அதற்கு மேல் ஆய முடியவில்லை. அப்படியே எடுத்துப் பூனைக்கு வைத்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

திருப்பலிக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 13, செவ்வாய்

உதவிப் பங்குத்தந்தை டெரன்ஸைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கலாம். அவருடைய அம்மா என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். ஒருவர் என்னைக் குருவானவர் என்று நினைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். யார் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, சொன்னவர் சாமியிடம் சொல்வதாக நம்பித்தான் சொல்லியிருக்கிறார், ஆகவே காதில் விழுந்தவர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னவரிடமே அதைப் பற்றிப் பேசிக் கணக்குத் தீர்க்கவும் கூடாது என்றார்.

நான் நினைத்ததும் அதுதான். வீட்டுக்கு வந்து சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழித்தேன். எழுதத் தகுந்ததை மட்டும் மறுபடி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

இது கஸ்பார் சொன்னதல்ல. எனக்கு முன்பே தெரிந்தது. எழுதத் தடையில்லை.

1974 ஏப்ரல் 22, திங்கட்கிழமை, விடைத்தாள் திருத்த நான் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தை நத்தாலிக்குப் பதினான்கு மாதம். முந்தின இரவே உடம்பு சுட்டது. துறைமுக அலுவலகத்துக்குப் போகும் வழியில் டாக்டர் கர்வாலோவிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்று கஸ்பாரிடம் சொல்லிவிட்டு, அவருடைய தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினேன். புதன்கிழமை தந்தி வந்தது. நான் வந்து இறங்கியபோது பெட்டிக்கு ஆணி அடிக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமையே காட்டினேன், பல் முளைக்கிற காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்றார் கஸ்பார். தங்கையும் அதை மறுக்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் வீட்டு வாசற்படியில் போய் நின்றேன். நோயாளிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பல் முளைக்கிற காய்ச்சலுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத கொலைகாரன் என்று கத்தினேன். வாழ்க்கையில் தெருவில் நின்று கத்தியது அந்த ஒருமுறைதான். டாக்டர் வாயைத் திறந்தார். அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற கஸ்பாரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குற்றமுள்ளவனின் மௌனம் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். ஆசிரியர் அறையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். நான் சொன்னால் நம்பாதவர்கள் அன்று இந்த ஊரில் இல்லை. இரண்டு வருடத்தில் அவருடைய வாசலில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. 2009-இல் இறந்தபோது அடக்கத்துக்கு நான் போகவில்லை. கஸ்பாரையும் விடவில்லை.

எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

சனிக்கிழமை வரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஜூன் 22, வியாழன்

மரகதத்தை மத்தியானம் வரை இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் கர்வாலோவின் மனைவி ஹில்டாவைப் பார்க்கப் போனேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன். நாற்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அதே படி. இப்போது கைப்பிடி வைத்திருக்கிறார்கள்.

ஹில்டாவுக்கு என்னைவிட நான்கு வயது கூட. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. உங்கள் கணவரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் தவறு, மன்னிக்க வேண்டும் என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம். ஒரு சொல் தடுமாறவில்லை.

"என்ன திடீர்னு?" என்றாள்.

காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன்.

"நான் சொல்லட்டுமா? புள்ளைய யாரும் இங்க கொண்டே வரல."

நான் பேசவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரவ அன்னைக்கே எங்கிட்ட சொன்னாவ. அந்தப் பொண்ணு பின்னால நின்ன மனுசன் முகத்தப் பாத்தேன் ஹில்டா, உண்மையச் சொன்னா இந்தப் பொண்ணு புள்ளையோட சேத்துப் புருசனையும் பறிகொடுத்துரும், போகட்டும் விடுன்னாவ. நான் விடல. தினம் சண்ட போட்டேன். வாயத் தொறக்கவே மாட்டேன்னுட்டாவ."

நடைவண்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவிய மன்னிச்சுட்டுத்தான் போனாவ, டீச்சர். நான் மன்னிக்கல. இருங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன். நல்ல காப்பி. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுத்தான் போட்டாள்.

ஜூலை 1, சனி

இப்போது கஸ்பாருக்கு எல்லா நாளும் சனிக்கிழமை. மாலை ஐந்தரை ஆனால் வலைக்கதவுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார். சின்னப் பாவங்கள் மூன்றும் மறந்து போயின. நான்காவது மட்டும் நிற்கிறது.

சொல்லி முடித்ததும் குருவானவர் பாவமன்னிப்பு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் எழுந்திருக்கக் கூடாது என்று சின்ன வயதில் பழக்கிவிட்டிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். குருப்பட்டம் இல்லாதவர் அந்த வாக்கியத்தைச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆகவே நான் இந்தப் பக்கம் பேசாமல் நிற்கிறேன். அவர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார். இன்று முக்கால் மணி நேரம்.

ஜூலை 5, புதன்

நரம்பு மருத்துவரிடம் போனோம். இந்த நோட்டைக் காட்ட முடியாது. பற்பசை, பனியன், சிறுநீர் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்தைப் பாராட்டினார். மாத்திரையைக் கூட்டினார். பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

ஜூலை 14, வெள்ளி

ஃபாதர் டெரன்ஸை வரவழைத்தேன். நானும் மரகதமும் பின்கட்டில் நின்றுகொண்டோம். ஃபாதர் தோளில் ஊதாப்பட்டை போட்டுக்கொண்டு, சமையலறைக்குள்ளே முக்காலியில், வலைக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. கஸ்பார் அழுதாராம், பட்டையை முத்தமிட்டாராம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பம் நான்கு சாப்பிட்டார். பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

ஃபாதர் போகும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. அது முறைதான்.

ஜூலை 15, சனி

ஐந்தரைக்கு முழங்காலில் நின்றார். நேற்றுச் சாமி வந்தது ஞாபகமில்லை. பாவம் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 27, வியாழன்

ஃபாதர் மூன்றாவது முறையும் வந்து போனார். வாசலில் பேசிக்கொண்டோம். "குடுத்தது குடுத்ததுதாம்மா. அவருக்கு ஞாபகம் இல்லன்னாலும் கடவுளுக்கு இருக்கு" என்றார்.

"கடவுளுக்கு முட்டி தேயல, ஃபாதர்" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, பொதுவாகச் சொல்வது போல ஒன்று சொன்னார். "பாவமன்னிப்பு குடுக்கத்தான் பட்டம் வேணும். மன்னிக்கிறதுக்குப் பட்டம் எதுவும் வேண்டாம்."

யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நானும் குறித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பிறர் குற்றத்தைப் பொறுப்பதைப் பற்றிய வரி வரும்போது இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறேன். கடவுளிடம் பொய் சொல்வதைவிட மௌனம் மேல்.

ஆகஸ்ட் 2, புதன்

ஆசாரியை வரவழைத்து வலைக்கதவைக் கழற்றச் சொன்னேன். மாலையில் கஸ்பார் வாசலுக்கும் சுவருக்குமாகக் கதவைத் தேடி நடந்தார். "தொட்டிய எங்க கொண்டு போனீங்க?" என்று மரகதம் மாட்டிவிட்டுப் போன காலண்டரைக் கேட்டார். எட்டு மணி வரை நடந்தார். கால் வீங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3, வியாழன்

கதவைத் திரும்ப மாட்டியாயிற்று. ஆசாரி என்னை ஒருமாதிரி பார்த்தான். கீழே பழைய தலையணை ஒன்றைப் போட்டேன். கஸ்பார் அதை நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில்தான் நின்றார்.

ஆகஸ்ட் 5, சனி

பனிமய மாதா திருவிழா. தெருவெல்லாம் கூட்டம், வெடிச்சத்தம். ஹில்டாவைத் தூரத்தில் ஆட்டோவுக்குள் பார்த்தேன். தலையை அசைத்தாள். அல்லது ஆட்டோ குலுங்கியது.

ஆகஸ்ட் 12, சனி

இன்று இரண்டு முறை படுக்கை நனைந்தது. மூன்று போர்வை, ஒரு மெத்தை உறை. மரகதம், "டீச்சர், ஒரு ஹோம்ல விட்டுட்டா என்ன? கன்னியாஸ்திரிங்க நல்லாத்தான் பாக்காவ" என்றாள். இன்பத்திலும் துன்பத்திலும் என்று பீடத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை அது, மரகதம், வசதி பார்த்துச் சொன்னதில்லை என்றேன். "அவியளுக்கு நீங்க யாருன்னே தெரியலையே" என்றாள். எனக்கு அவர் யார் என்று தெரியும் என்றேன். சொன்ன பிறகு அந்த வாக்கியம் எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கஸ்பார் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் தெளிவாக இருந்தது. இரண்டு வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை.

"பிரிஜி" என்றார்.

நான் கரண்டியை அப்படியே பிடித்திருந்தேன்.

"அன்னைக்கு நான்..." என்றார். அப்புறம் சொல் வரவில்லை. சாமியிடம் அல்ல, என்னிடம்தான் சொல்ல வந்தார். அவரே என்னிடம் தொடங்குகிறார், ஆகவே பதில் சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. அது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது.

"கஞ்சி ஆறுது. வாயத் தெறங்க" என்றேன்.

அரை நிமிடம் இருக்கும். பிறகு கண் பழையபடி ஆகிவிட்டது. கஞ்சி முழுவதும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். மருந்து வைத்துக் கட்டினேன். மாலையில் கட்டோடு நின்றார்.

ஆகஸ்ட் 26, சனி

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு நின்றவர் ஏழு மணிக்கும் எழவில்லை. தூக்கிவிட எனக்குப் பலமில்லை. கட்டு நனைந்து தரையில் ரத்தம் பட்டிருந்தது. வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "சாமி, ஏன் பேச மாட்டேங்கிறீங்க? அவ்வளவு பெரிய பாவமா?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கிழவனின் குரல் அல்ல அது. முப்பத்து மூன்று வயதுக்காரனின் குரல். துறைமுகத்தில் அன்று கப்பல் வந்திருந்தது, வேலைக்கு நேரமாகிவிட்டது, காய்ச்சல்தானே என்று

மேலே உள்ள வரியை எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனம் வரவில்லை.

நான் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் பாவமன்னிப்பு வாக்கியத்தை முழுவதுமாகச் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. அபராதமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள் என்றேன். பெண்குரல் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"தோத்திரம் சாமி" என்றார். கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். முகம் கழுவிவிட்டது போல இருந்தது. கட்டிலில் போய்ப் படுத்து உடனே தூங்கினார்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி வந்து முழங்காலில் நின்றார்.

இன்று நான்கு முறை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

திருப்பலியில் நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். பாவத்தோடு வாங்கக் கூடாது என்பதால் நான் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து இப்படி உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் இருந்தவள் காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மாலையில் கஸ்பாருக்கு மூன்று முறை.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆறு முறை.

செப்டம்பர் 9, சனி

ஐந்து முறை. நடக்க முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே வலைக்கதவுப் பக்கம் கையை நீட்டுகிறார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு அங்கிருந்து சொல்கிறேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரகதம் கேட்டுவிட்டு, "நீங்களும் சாமியார் ஆயிட்டீங்களா டீச்சர்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

விழுங்கவில்லை. ஃபாதர் டெரன்ஸ் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். மாலையில் உதடு அசைந்தது. ஒருமுறை சொன்னேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலை ஒன்பதே கால் மணிக்குக் கஸ்பார் இறந்தார். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20, புதன்

நத்தாலியின் கல்லறையைத் திறந்து அதிலேயே அடக்கம் செய்தோம். குடும்பக் கல்லறை. வேறு இடமும் இல்லை. ஹில்டா வந்திருந்தாள். நடைவண்டியை மண்ணில் தள்ள முடியாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார். "உங்களுக்காக வரல. அவிய இருந்தா வந்திருப்பாவ" என்றாள். நன்றி என்றேன்.

அடக்கத்துக்கு வந்த பழைய மாணவிகள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், எங்கள் டீச்சர் எப்படிப் பார்த்துக்கொண்டார், புனிதவதி என்று. நான் மறுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 28, சனி

இன்று ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்றேன். உள்ளே ஃபாதர் டெரன்ஸ். என் பாவத்தை நான் எழுதிக்கொள்ளலாம், அது என்னுடையது.

குருப்பட்டம் இல்லாமல் பாவமன்னிப்பு வாக்கியத்தைச் சொன்னேன், இருபத்து மூன்று நாளில் தொண்ணூற்று மூன்று முறை என்றேன். மெதுவாகத்தான் கேட்டார். "செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுறீங்களாம்மா?"

"இல்ல ஃபாதர். மறுபடி அப்படி நின்னா மறுபடி சொல்வேன்."

அவர் பெருமூச்சு விட்டார். அது இரக்கத்தால் செய்தது, அதைப் பற்றிப் பிறகு பேசலாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். வயதுக்கு மீறிய பக்குவம். என்னிடம் படித்த அவருடைய அம்மாவுக்கு அவ்வளவு போதாது.

வேறு இருக்கிறது என்றேன்.

"தொண்ணூத்து மூணு தடவையும் ஆண்டவர் பேரால சொன்னேன். எம்பேரால ஒரு தடவகூடச் சொல்லல. அவர் ஒருநாள் என்னை அடையாளம் தெரிஞ்சு கேக்க வந்தார். கஞ்சிய ஊட்டி வாய அடைச்சுட்டேன்."

அவர் வலைக்குப் பக்கமாகக் குனிந்தார். பிறகு, இப்போதும் சொல்லலாம், கல்லறையில் போய்ச் சொன்னாலும் போதும், சொல்ல விரும்புகிறேன் என்று இங்கே சொன்னால்கூடப் போதும் என்றார்.

"கல்லறைக்கு நாலு வாரமாப் போறேன், ஃபாதர். எம்புள்ள பேரும் அதுலதான் வெட்டியிருக்கு. அதப் படிச்சதும் வாய் வர மாட்டேங்குது. விரும்புறேன்னு சொன்னாப் பொய்."

"விரும்பணும்னாவது விரும்புறீங்களா?"

நன்றாக யோசித்தேன். வரிசையில் யாரோ இருமினார்கள். இல்லை என்றேன்.

"அப்போ நான் பாவமன்னிப்பு குடுக்க முடியாதேம்மா" என்றார்.

"தெரியும். குடுத்தா பிஷப்புக்கு நானே எழுதிப் போடுவேன்" என்றேன்.

எழுந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே எட்டுப் பேர் நின்றார்கள். முதலில் நின்றவள் என்னிடம் படித்தவள், பெயர் ஞாபகமில்லை. "முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டாள்.

முடிந்தது என்று சொல்லி அவளுக்கு வழி விட்டேன்.